ட்ரோனில் கட்டிய கைத்துப்பாக்கி: கனெக்டிகட் வழக்கும் அதைத் துரத்திய சட்டங்களும்

2015 ஜூலையில் யூடியூபில் ஏறிய அந்தக் காணொளியின் நீளம் மொத்தமே 14 விநாடி. மரங்களுக்கு நடுவே, தரையிலிருந்து அதிக உயரமில்லாமல், நான்கு சுழலிகள் கொண்ட ட்ரோன் ஒன்று ரீங்காரமிட்டபடி நிற்கிறது. அதன்மேல் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. தொலைவிலிருந்து கட்டளை போனதும் குண்டு பாய்கிறது, ட்ரோன் பின்னுக்கு உதறுகிறது, ஒரு கணம் தள்ளாடிவிட்டுத் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது, மறுபடி சுடுகிறது. இப்படி நான்கு முறை.

சுடும் காட்சியைவிட அந்த உதறலுக்குப் பிறகு நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். துப்பாக்கியின் பின்னுதைப்பு ட்ரோனைக் கவிழ்த்துவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். காற்று தள்ளினால் நிலைகுலையாமல் இருப்பதற்காக எழுதப்பட்ட கட்டுப்பாட்டு மென்பொருள், குண்டின் உதைப்பையும் ஒரு காற்றடியாகவே எடுத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறது. ஆயுதத்துக்காக யாரும் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் கிடைக்கும் பாகங்களே போதுமாக இருந்தன.

செய்தவர் 18 வயது இயந்திரப் பொறியியல் மாணவர். இடம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிளின்டன் என்ற சிற்றூர். வழக்கின் பெயரிலேயே அவருடைய குடும்பப் பெயர் இருக்கிறது, ஆனால் இந்த ஆய்வுக்கு 'மாணவர்', 'தந்தை' என்ற இரண்டு சொற்கள் போதும். யாருக்கும் அடிபடவில்லை. யாருடைய சொத்துக்கும் சேதமில்லை. சுட்டது தங்கள் சொந்த நிலத்தில்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

காணொளியைப் பல லட்சம் பேர் பார்த்த பிறகு உள்ளூர்க் காவல்துறையிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: இது குற்றம் இல்லையா? காவல்துறை சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாநிலச் சட்டம் எதையும் மாணவர் மீறியதாகத் தெரியவில்லை என்றது. தொழில்நுட்பம் சட்டத்தை முந்திக்கொண்டு போய்விட்டது என்ற தொனியில் ஒரு விளக்கமும் வந்தது.

அந்த விளக்கத்தை நான் அப்படியே ஏற்க மாட்டேன். சட்டம் பின்தங்கிவிட்டது என்று சொல்லிவிட்டால், அந்த நாளில் என்னென்ன சட்டங்கள் கையில் இருந்தன, அவை ஏன் ஒட்டவில்லை என்பதைப் பார்க்காமலே போய்விடுவோம்.

கையில் இருந்த சட்டங்கள்

ஆபத்தான முறையில் துப்பாக்கி சுடுவதைத் தண்டிக்கும் சட்டம் கனெக்டிகட்டில் உண்டு. ஆனால் அது சுட்டதை மட்டும் தண்டிப்பதில்லை. அலட்சியமாகவோ வேண்டுமென்றோ சுட்டு, அதனால் ஒருவருக்குக் காயமோ மரணமோ, சொத்துக்கு அழிவோ நேரக்கூடிய நிலை இருந்திருக்க வேண்டும். பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தல் என்ற குற்றமும் உண்டு. அதற்கும், ஆபத்துக்குள்ளான 'பிறர்' ஒருவர் தேவை. ஆளில்லாத சொந்தக் காட்டில், தெரிந்த திசையில், நான்கு குண்டு. அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய முக்கியமான கூறு அங்கேயே விழுந்துவிடுகிறது.

துப்பாக்கிச் சட்டங்கள் வேறு கேள்வி கேட்கும்: இந்தத் துப்பாக்கியை இவர் வைத்திருக்கலாமா? அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பது அந்தச் சட்டங்களுக்கு ஒரு பொருட்டில்லை. வேலித் தூணில் கட்டிச் சுட்டாலும் அதேதான், ட்ரோனில் கட்டிச் சுட்டாலும் அதேதான்.

இப்படிப்பட்டதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. விசையை விரலால் அழுத்தாமல் மின்சாரத்தால் இழுக்கும்போது, ஒரு கட்டளைக்கு ஒரு குண்டு என்று இருக்கும்வரை அது அரைத்தானியங்கி. பொத்தானை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து குண்டுகள் போகும்படி சுற்றை அமைத்தால் அதே பொருள் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் இயந்திரத் துப்பாக்கி ஆகிவிடும். 2003-இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படியொரு சாதனத்தைப் பார்த்தது. ஒரு ரைபிளின் விசைக் காப்புக்குள் மீன்பிடி ரீலின் பாகம் ஒன்றை வைத்து, மோட்டாரால் சுழற்றி, ஒரு சுவிட்சைத் தட்டினால் தொடர்ந்து சுடும்படி செய்திருந்தார் ஒருவர். அந்த சுவிட்சே விசை, ஆகவே இது இயந்திரத் துப்பாக்கி என்றது நீதிமன்றம். 1986 மே 19-க்குப் பிறகு தயாரான இயந்திரத் துப்பாக்கியைத் தனியார் வைத்திருப்பதே குற்றம், பத்தாண்டு வரை சிறை. கிளின்டன் மாணவரின் ட்ரோன் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு குண்டு சுட்டதாகவே தோன்றியது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மென்பொருளில் ஒரே ஒரு வரிதான்.

வேட்டைச் சட்டம் இன்னொரு பக்கத்துக் கதை. 2005 வாக்கில் டெக்சஸில் ஒருவர் இணையம் வழியாகத் துப்பாக்கியை இயக்கி விலங்கைச் சுடும் வசதியை விற்கக் கிளம்பினார். வீட்டில் உட்கார்ந்து சுட்டியைச் சொடுக்கினால் பண்ணையில் குண்டு பாயும். வேட்டைக்காரர்களே முகம் சுளித்தார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தடைபோட்டன. தொலைவிலிருந்து சுடுவது என்ற செயலுக்கு ஒரு தனித் தன்மை இருக்கிறது என்பதைச் சட்டமியற்றுபவர்கள் ட்ரோன் வருவதற்குப் பத்தாண்டு முன்பே உணர்ந்திருந்தார்கள். ஆனால் அந்தத் தடைகள் விலங்கை வேட்டையாடுவதற்கு மட்டுமே பொருந்தும். வெறுமனே சுட்டுப் பார்த்தவரைத் தொடாது.

ஆகவே கிளின்டனில் இருந்தது முழு வெற்றிடம் இல்லை. கேடு விளைந்தால் தண்டிக்கச் சட்டம் ஏராளமாக இருந்தது. கேடு விளைவதற்கு முன்னாலேயே, ஆயுதத்தையும் பறக்கும் பொருளையும் சேர்த்த அந்தச் செயலை மட்டும் பிடித்துக் கேள்வி கேட்கும் சட்டம்தான் இல்லை.

விமான நிர்வாகம் உள்ளே வருகிறது

மாநிலம் கைவிரித்த இடத்தில் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் நுழைந்தது. எஃப்.ஏ.ஏ. என்றால்தான் பலருக்கும் தெரியும். அதன் கையிலும் 'ட்ரோனில் ஆயுதம் கூடாது' என்ற விதி அப்போது இல்லை. இருந்தது, விமானத்தைக் கவனமின்றியோ பிறருக்கு ஆபத்து விளையும்படியோ இயக்கக் கூடாது என்ற பொது விதி. அது விமானிகளுக்காக எழுதப்பட்டது.

அந்த விதியைப் பயன்படுத்துவதிலும் சிக்கல். பொழுதுபோக்குக்காக மட்டும் பறக்கவிடும் மாதிரி விமானங்களுக்கு எஃப்.ஏ.ஏ. புது விதி போடக் கூடாது என்று 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 336-ஆவது பிரிவு கட்டிப் போட்டிருந்தது. வான்வெளியின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பவர் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மட்டும் மிச்சம் வைக்கப்பட்டிருந்தது. அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிர்வாகம் 2015 நவம்பரில் மாணவருக்கும் தந்தைக்கும் அழைப்பாணை அனுப்பியது: ஆவணங்களைக் கொடுங்கள், நேரில் வந்து சாட்சியம் சொல்லுங்கள்.

அவர்கள் கொடுக்கவில்லை. அடுத்த மாதமே இன்னொரு காணொளி வந்தது. அதில் ட்ரோன் தீ உமிழ்கிறது. கம்பியில் கோத்து நிறுத்தப்பட்ட ஒரு வான்கோழியை நெருங்கி, நின்ற இடத்திலிருந்தே நெருப்புத் தாரையைப் பாய்ச்சிச் சுடுகிறது. அழைப்பாணை கையில் இருக்கும்போது இதை வெளியிட்டது வழக்கறிஞரைக் கேட்டுச் செய்த காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

வேடிக்கை மறுபக்கமும் இருந்தது. 2015 டிசம்பர் 17 அன்று எஃப்.ஏ.ஏ.வின் தலைமைச் சட்ட அலுவலகம், ட்ரோன் விஷயத்தில் மாநிலங்களும் ஊராட்சிகளும் எதையெல்லாம் சட்டமாக்கலாம் என்று ஒரு குறிப்பு வெளியிட்டது. பறக்கும் பாதை, உயரம் போன்றவை கூட்டாட்சியின் பொறுப்பு என்று சொன்ன அந்தக் குறிப்பு, மாநிலங்களின் வழக்கமான காவல் அதிகாரத்துக்குள் வருபவற்றுக்குச் சில எடுத்துக்காட்டுகள் தந்தது. பிறர் அந்தரங்கத்தை எட்டிப்பார்ப்பதைத் தடைசெய்வது ஒன்று. ட்ரோன்களில் துப்பாக்கியோ அதுபோன்ற ஆயுதமோ பொருத்துவதைத் தடைசெய்வது இன்னொன்று. அதாவது, கனெக்டிகட் இளைஞரைத் துப்பாக்கி ட்ரோனுக்காக விசாரித்துக்கொண்டே, துப்பாக்கி ட்ரோனைத் தடுப்பது மாநிலத்தின் வேலை என்றும் நிர்வாகம் எழுதிக்கொண்டிருந்தது. இரண்டும் சட்டப்படி ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று வாதாடலாம். வாசிக்கும்போது சிரிப்பு வருவதைத் தடுக்க முடியாது.

நீதிபதி மேயரின் தீர்ப்பு

குடும்பம் அழைப்பாணைக்கு இணங்காததால், அதை நிறைவேற்றித் தரும்படி எஃப்.ஏ.ஏ. 2016-இல் கனெக்டிகட் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. நிர்வாகத்தின் அப்போதைய தலைவர் மைக்கேல் ஹுயெர்டாவின் பெயரில் வழக்கு. விசாரித்தவர் நீதிபதி ஜெஃப்ரி ஆல்க்கர் மேயர். 2016 ஜூலை 18 அன்று தீர்ப்பு வந்தது.

தந்தையும் மகனும் எழுப்பிய வாதத்தின் சாரம்: இது விமானமே இல்லை, ஆகவே உங்களுக்கு இதில் வேலையில்லை. எஃப்.ஏ.ஏ.வின் பதிலோ நேர் எதிர். காற்றில் பறக்கப் பயன்படும், அல்லது அதற்காக வடிவமைக்கப்பட்ட எந்தப் பொருளும் விமானம் என்கிறது கூட்டாட்சிச் சட்டத்தின் வரையறை. 2014-இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் வேறொரு வழக்கில் ட்ரோன் விமானம்தான் என்று சொல்லியிருந்தது.

மேயர் இரண்டு வேலை செய்தார். அந்த இரண்டையும் பிரித்துப் படிக்காதவர்கள்தான் இந்தத் தீர்ப்பை எஃப்.ஏ.ஏ.வின் முழு வெற்றி என்று எழுதினார்கள்.

முதல் வேலை, கேட்ட கேள்விக்குப் பதில். நிர்வாக அழைப்பாணையை நிறைவேற்றும் கட்டத்தில் நீதிமன்றம் பார்க்க வேண்டியது குறைவு. விசாரணைக்கு நியாயமான நோக்கம் இருக்கிறதா, கேட்கும் தகவல் அதற்குப் பொருத்தமானதா, அது ஏற்கெனவே நிர்வாகத்தின் கையில் இருக்கிறதா, உரிய நடைமுறைகள் பின்பற்றப்பட்டனவா. குண்டையும் நெருப்பையும் கக்கும் ஒரு பறக்கும் பொருள் பாதுகாப்பானதா என்று விமானப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரிப்பதில் நியாயமான நோக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. மாணவர் கடைசியில் எந்த விதியையும் மீறவில்லை என்றுகூட முடியலாம். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தானே விசாரணை? ஆகவே அழைப்பாணைக்கு இணங்க வேண்டும்.

இரண்டாவது வேலை, யாரும் கேட்காத ஓர் எச்சரிக்கை. நாட்டின் திறந்தவெளிக் காற்று ஒவ்வொரு கன அங்குலமும் தன் ஆட்சிக்கு உட்பட்டது என்று எஃப்.ஏ.ஏ. நம்புவதுபோல் தெரிகிறது, அந்த ஆசையை அதன் சட்டத்தோடு பொருத்துவது கடினம் என்று மேயர் குறிப்பிட்டார். ஒருவர் தன் சொந்த நிலத்தில் பறக்கவிட்டு, விமானப் போக்குவரத்துக்கோ மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கோ எந்த அச்சுறுத்தலும் இல்லாத பொருள்களையெல்லாம் ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் எண்ணியது தெளிவாக இல்லை என்றார். அரசமைப்புப்படி அப்படி எண்ணவும் முடியுமா என்பதையும் சந்தேகப் பட்டியலில் வைத்தார். கேள்வியை எழுப்பிவிட்டு, இந்த வழக்கில் அதைத் தீர்க்க வேண்டியதில்லை என்று மூடினார்.

என் பார்வையில் தீர்ப்பின் உயிர் அந்த இரண்டாவது பகுதிதான். தரையிலிருந்து சில அடி உயரத்தில், சொந்தத் தோப்புக்குள், மரக்கிளைகளுக்குக் கீழே நிற்கும் ட்ரோன் எந்தப் பயணி விமானத்துக்கும் இடைஞ்சல் இல்லை. அங்கே ஆபத்து விமானத்தால் வருவதில்லை, துப்பாக்கியால் வருகிறது. துப்பாக்கியால் வரும் ஆபத்தைத் தண்டிப்பது காலங்காலமாக மாநிலக் குற்றவியல் சட்டத்தின் வேலை. அந்த வேலையை வான்பாதைகளுக்காக அமைந்த ஒரு நிர்வாகத்தின் தலையில் கட்டினால், அது தனக்குத் தெரிந்த கருவியான அழைப்பாணையையும் அபராதத்தையும்தான் எடுக்கும்.

மாநிலங்கள் எழுதிய குற்றங்கள்

கனெக்டிகட் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, சில மாநிலங்கள் முன்னாலேயே எழுதி முடித்திருந்தன. அவற்றை வரிசையாக அடுக்குவதைவிட, எந்தச் செயலைக் குற்றமாக்கினார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. ஆயுத ட்ரோனை வைத்திருப்பதா, ஆயுதத்தை அதில் பொருத்துவதா, பறக்கவிடுவதா, சுடுவதா? நான்கும் ஒன்றில்லை.

விஸ்கான்சின் பறக்கவிடுவதைப் பிடித்தது. 2014-இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி ஆயுதம் தாங்கிய ட்ரோனை இயக்குவதே 'ஹெச்' வகைப் பெருங்குற்றம், ஆறாண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். கடமையில் இருக்கும் இராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு. எழுத்து சுருக்கம், பொருள் தெளிவு. ஆனால் கேரேஜில் துப்பாக்கியை மாட்டி வைத்து இன்னும் பறக்கவிடாதவரைத் தொடாது.

வட கரோலினா அந்த இடைவெளியையும் அடைக்கப் பார்த்தது. ஆயுதம் இணைக்கப்பட்ட ட்ரோனை வைத்திருந்தாலும் பயன்படுத்தினாலும் 'இ' வகைப் பெருங்குற்றம். ஆயுதம் என்றால் என்ன? மாநிலத்தின் வேறு சட்டங்கள் குறிப்பிடும் ஆயுதங்களோடு, ஆயுதமாகப் பயன்படுத்தினால் கடும் காயமோ மரணமோ விளைவிக்கக் கூடிய வேறு எந்தப் பொருளும். இந்தக் கடைசிச் சொற்றொடர் எனக்கு உறுத்துகிறது. மரக்கிளை வெட்ட ரம்பம் தொங்கவிட்ட ட்ரோனும், கயிறு அறுக்க நீளக் கத்தி கட்டிய ட்ரோனும் சொல்லளவில் இதற்குள் வரலாம். அப்படி யார்மீதும் வழக்குப் போட மாட்டார்கள் என்பது பதில் ஆகாது. பெருங்குற்றச் சட்டத்தின் எல்லையை அரசு வழக்கறிஞரின் நல்லெண்ணத்திடம் விடக் கூடாது.

நெவாடா 2015-இல் பொருத்துவதையும் இயக்குவதையும் ஒரு படியாகவும், அந்த ஆயுதத்தைச் சுடுவதை அதற்கு மேலான படியாகவும் வைத்தது. இரண்டும் பெருங்குற்றம், தண்டனை மட்டும் ஏறும். வெர்மான்ட் 2016-இல் ட்ரோனில் ஆபத்தான ஆயுதம் பொருத்துவதையும் ட்ரோனிலிருந்து எறிபொருள் எதையும் எய்வதையும் தடைசெய்தது. ஆனால் தண்டனை ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். புளோரிடா 2017-இல் துப்பாக்கி, வெடிபொருள், தோட்டா என்று பெயர் சொல்லியே தடுத்தது.

எனக்குப் பிடித்தது ஒரேகனின் எழுத்து. குண்டோ எறிபொருளோ சுடக்கூடிய ட்ரோனை, அல்லது ஆபத்தான ஆயுதமாகவே செயல்படும் விதத்தில் ட்ரோனை இயக்கினால் குற்றம். கூடவே மூன்று மனநிலைகளைச் சொல்கிறது: வேண்டுமென்றே, தெரிந்தே, அல்லது விளைவைத் தெரிந்தும் பொருட்படுத்தாமல். இதன் பலன் இரண்டு. ஒன்று, தெரியாமல் மாட்டிக்கொள்பவர் தப்புகிறார். மற்றொன்று, துப்பாக்கியே இல்லாமல் சுழலும் இறக்கைகளோடு ட்ரோனையே ஒருவர் முகத்தில் மோதவிட்டவரும் இதற்குள் வருகிறார். அதன் மேல் படிகளும் இருக்கின்றன. அடிப்படைக் குற்றம் 'ஏ' வகைச் சிறுகுற்றம், கடும் காயம் விளைந்தால் 'பி' வகைப் பெருங்குற்றம். எதுவும் நடக்காத காட்டுக்குள் நான்கு குண்டு சுட்டவருக்கும், ஆள்மேல் சுட்டவருக்கும் ஒரே எடை போடாத சட்டம் இது.

காவல்துறைக்கு விலக்கு என்ற முட்டுக்கட்டை

கனெக்டிகட் சட்டமன்றமும் சும்மா இருக்கவில்லை. தனியார் ட்ரோனில் ஆயுதத்தைத் தடைசெய்யும் மசோதாக்கள் வந்தன. தனியாருக்குத் தடை என்பதில் பெரிய சண்டை எதுவும் இல்லை. 2017-இல் சட்டமன்றத்தின் நீதிக் குழு ஒப்புதல் கொடுத்த மசோதாவில் காவல்துறைக்கு விலக்கு என்ற வாசகம் இருந்தது, நாடு முழுக்கச் செய்தியானது அதுதான். கொல்லும் ஆயுதத்தைக் காவல்துறை ட்ரோனில் வைக்க வழிவிடும் முதல் மாநிலம் இதுவாகிவிடுமோ என்று குடிமக்கள் உரிமை அமைப்புகள் கொதித்தன. அந்த மசோதா சட்டமாகவில்லை.

வடக்கு டகோட்டாவில் 2015-இல் இதற்கு முன்னோட்டம் நடந்திருந்தது. காவல்துறை ட்ரோனில் எந்த ஆயுதமும் கூடாது என்று தொடங்கிய மசோதா, வழியில் மாறி, கொல்லும் ஆயுதம் கூடாது என்று முடிந்தது. மிளகுத்தூள் தெளிப்பானும் மின்னதிர்ச்சித் துப்பாக்கியும் தடைக்கு வெளியே நின்றன. தடைசெய்ய எழுதிய சட்டம் அனுமதிப் பத்திரமாகத் திரும்பியதைக் கண்ட மற்ற மாநிலங்கள், இரண்டு கேள்விகளையும் ஒரே மசோதாவில் போட்டுக் குழப்பக் கூடாது என்று கற்றிருக்க வேண்டும். கனெக்டிகட் கற்கவில்லை.

363-ஆவது பிரிவு

2018 அக்டோபர் 5 அன்று கையெழுத்தான எஃப்.ஏ.ஏ. மறு அங்கீகாரச் சட்டத்தில் ஒருவழியாக நேரடித் தடை வந்தது. பொழுதுபோக்குப் பறப்போர்க்குக் கவசமாக இருந்த பழைய 336-ஐயும் அதே சட்டம் நீக்கிவிட்டது. புதிய 363-ஆவது பிரிவு, நிர்வாகத் தலைவரின் அனுமதி இல்லாமல் ஆபத்தான ஆயுதம் பொருத்திய ட்ரோனை யாரும் இயக்கக் கூடாது என்றது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டாலர் வரை அபராதம்.

உரிமையியல் அபராதம் மட்டுமே. சிறை இல்லை, குற்றப் பதிவு இல்லை. பணத்தைக் கட்டினால் கோப்பு மூடப்படும்.

'ஆபத்தான ஆயுதம்' என்பதற்குப் புதிதாக வரையறை எழுதாமல், வேறொரு சட்டத்திலிருந்து கடன் வாங்கினார்கள். அது எதற்காக எழுதப்பட்டது தெரியுமா? கூட்டாட்சி அலுவலகக் கட்டடங்களுக்குள் ஆயுதம் எடுத்துச் செல்வதைத் தடுக்க. மரணமோ கடும் காயமோ விளைவிக்கப் பயன்படும், அல்லது எளிதில் விளைவிக்கக்கூடிய எந்த ஆயுதமும், கருவியும், பொருளும், வேதிப்பொருளும், உயிருள்ளதோ உயிரற்றதோ. விலக்கு ஒன்றே ஒன்று: இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான அலகு கொண்ட பேனாக்கத்தி. வாசலில் நின்று பையைச் சோதிக்கும் காவலருக்கு இந்த வரையறை கச்சிதம். பையில் இருப்பதை உள்ளே விடலாமா கூடாதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். தோட்டத்தில், தீயணைப்புத் துறையில், மின்கம்பிப் பராமரிப்பில் வேலை செய்யும் ட்ரோனுக்கு இதைப் போட்டால் சட்டை அளவு சேராது.

2019 ஜூலையில் இந்தச் சிக்கல் சந்தைக்கே வந்தது. ஒஹாயோ மாநிலத்து நிறுவனம் ஒன்று, ட்ரோனில் மாட்டிக்கொள்ளும் தீ உமிழ் கருவியை 1,499 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. ஒரு கேலன் எரிபொருள், 25 அடி தூரம் பாயும் தாரை. மின்கம்பிகளில் சிக்கிய குப்பையை எரிக்க, காடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட தீ மூட்ட என்றெல்லாம் பயன் சொன்னார்கள். கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டப்படி தீ உமிழ் கருவி 'துப்பாக்கி' வகையில் வராது. தனியாக வாங்கப் பெரும்பாலான மாநிலங்களில் தடையும் கிடையாது. வான்கோழியைச் சுட்ட மாணவரின் கைவேலை, நான்கே ஆண்டில் பெட்டியில் அடைத்த சரக்காகிவிட்டது.

ஆகஸ்ட் 22 அன்று எஃப்.ஏ.ஏ. எச்சரிக்கை விட்டது. துப்பாக்கி, குண்டு, பட்டாசு, தீ உமிழ் கருவி போன்றவை ட்ரோனில் கட்டி இணையத்தில் விற்கப்படுவதையும் காட்டப்படுவதையும் குறிப்பிட்டு, 363-ஐயும் 25,000 டாலரையும் நினைவூட்டியது.

அதே ஆண்டுகளில் காட்டுத்தீ தடுப்புக் குழுக்கள் இன்னொரு வகை ட்ரோனை அனுமதியோடு பயன்படுத்திக்கொண்டிருந்தன. பொட்டாசியம் பெர்மாங்கனேட் நிரப்பிய, பிங்பாங் பந்து அளவுள்ள உருண்டைகளை அந்த ட்ரோன் சுமக்கும். விடும் முன் ஒரு ஊசி உருண்டைக்குள் கிளைகால் என்ற வேதித் திரவத்தைச் செலுத்தும். தரையில் விழுந்த சில நொடிகளில் தானாகப் பற்றிக்கொள்ளும். காய்ந்த புதரை முன்கூட்டியே எரித்துப் பெருந்தீயைத் தடுக்கும் வேலை. தீ மூட்டும் திறனில் இதற்கும் அந்த 1,499 டாலர் கருவிக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு பொருளில் இல்லை, யார், எங்கே, எந்த நோக்கத்தோடு என்பதில் இருக்கிறது. 363 அந்த வேறுபாட்டைச் சட்ட வாசகத்தில் வைக்காமல், 'நிர்வாகத் தலைவர் அனுமதித்தால் ஒழிய' என்ற முன்னொட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டது. அபராதச் சட்டத்துக்கு அது போதலாம். இதே வாசகத்தை அப்படியே தூக்கி ஒரு மாநிலம் சிறைத்தண்டனைச் சட்டமாக்கினால், மனநிலையைப் பற்றி ஒரு சொல் இல்லாத குற்றம் கிடைக்கும்.

இரண்டாவது திருத்தம் என்ற பூச்சாண்டி

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் தரும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இந்தச் சட்டங்களை வீழ்த்திவிடுமா என்ற கேள்வி எப்போதும் வருகிறது. நான் இதில் அதிக நேரம் செலவிட மாட்டேன். உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் தீர்ப்பு அந்த உரிமையை ஒருவர் தம்மிடம் ஏந்திச் செல்லக்கூடிய ஆயுதங்களோடு இணைத்தது, ஆபத்தானதும் வழக்கத்தில் இல்லாததுமான ஆயுதங்களைத் தடைசெய்யும் மரபையும் ஒப்புக்கொண்டது. ஆளை விட்டு விலகித் தனியே பறந்து போய்ச் சுடுவதை 'ஏந்துதல்' என்று நீட்டுவது கஷ்டம். அதே நீதிமன்றத்தின் 2022 ப்ரூயன் தீர்ப்புக்குப் பிறகு அரசு வரலாற்று ஒப்புமை காட்ட வேண்டும். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலேயே ஆளில்லாமல் கயிற்றில் இழுபட்டுச் சுடும் கண்ணித் துப்பாக்கிகளை நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் வெறுத்து ஒதுக்கியிருக்கின்றன. ஒப்புமைக்கு அது நல்ல இடம். சொந்த நிலத்தில் ஆளில்லா இடத்தில் வைத்திருப்பதைக்கூடப் பெருங்குற்றமாக்கும் வட கரோலினா வகைச் சட்டத்துக்கு மட்டுமே உண்மையான நெருக்கடி வரலாம்.

உண்மையான குற்றவாளிகள் வந்தபோது

ட்ரோன் ஆயுதச் சட்டங்கள் எதுவும் இல்லாத காலத்திலேயே பெரிய வழக்கு வந்தது. 2011-இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த 26 வயது இயற்பியல் பட்டதாரி ஒருவர், தொலைக்கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களில் வெடிமருந்து நிரப்பி பென்டகனையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் தாக்கத் திட்டமிட்டதாகக் கைதானார். வெடிமருந்தைக் கொடுத்தவர்களே மாறுவேடமிட்ட எஃப்.பி.ஐ. ஆட்கள். கூட்டாட்சிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்றதும், பயங்கரவாதிகளுக்குப் பொருளுதவி செய்ய முயன்றதும் குற்றங்கள். 2012-இல் ஒப்புக்கொண்டு 17 ஆண்டு சிறை பெற்றார். சிறிய விமானம் என்பது அந்தக் குற்றப்பத்திரிகையில் வெறும் கருவி. லாரியாக இருந்திருந்தாலும் அதே பிரிவுகள்தான்.

அடுத்தது சிறிய வழக்கு, ஆனால் இந்த ஆய்வுக்கு அதுதான் நெருக்கம். 2019-இல் பென்சில்வேனியாவின் நார்த்தாம்ப்டன் மாவட்டத்தில் ஓர் ஊரில் இனம் தெரியாத வெடிச்சத்தங்கள் கேட்டன. விசாரணை, முன்னாள் காதலியைக் காக்க நீதிமன்றம் பிறப்பித்த பாதுகாப்பு உத்தரவின் கீழ் இருந்த ஒருவரிடம் போய் நின்றது. அவரிடம் துப்பாக்கிகளும், வீட்டில் செய்த வெடிகுண்டுகளும், அவற்றைத் தூக்கிச் சென்று போடும் ட்ரோனும் கிடைத்தன.

363-ஆவது பிரிவு அப்போது ஓராண்டு நெருங்கியிருந்தது. எழுத்துக்கு எழுத்து அந்தத் தடைக்குள் வரும் ஆள் இவர். ஆனால் அரசு வழக்கறிஞர்கள் நாடியது பழைய பிரிவுகளை. பாதுகாப்பு உத்தரவு இருக்கும்போது துப்பாக்கி வைத்திருந்தது ஒரு குற்றம். பதிவு செய்யாத அழிவுச் சாதனம், அதாவது அந்த வெடிகுண்டுகள், வைத்திருந்தது இன்னொன்று, அதற்குப் பத்தாண்டு வரை சிறை உண்டு. ட்ரோன் குற்றப்பத்திரிகைக்குள் வந்தது மூன்றாவது கதவு வழியாக: பதிவு செய்யாத விமானத்தைத் தெரிந்தே இயக்கியது. முழு அளவு விமானங்களை மனத்தில் வைத்து எழுதிய அந்தப் பிரிவுக்கு மூன்றாண்டு வரை சிறை இருக்கிறது. வெடிகுண்டு போட்ட ட்ரோனைச் சிறைக் கணக்கில் சேர்க்க, அதற்கு எண் ஒட்டாததைத்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. 2020-இல் அவருக்கு ஐந்தாண்டு சிறை விதிக்கப்பட்டது.